மூக்கை நம்பிய சோபாக்காரி

ஒரு முழ நீள ஊசி. பட்டன் கோத்த நூலை அதில் ஏற்றி, சோபாவின் முதுகில் முன்னாலிருந்து குத்தி, பின்பக்கம் கையை விட்டு இழுப்பாள். பிறகு முழங்காலை மெத்தையில் ஊன்றி நூலைச் சுண்டிப் பிடித்து, சட்டத்தில் ஆணி வைத்து ஒரே அடி. பட்டன் மெத்தைக்குள் தொப்புள் மாதிரி குழிந்து உட்காரும். ஒரு சோபாவுக்கு இருபத்தெட்டு பட்டன். இருபத்தெட்டும் முடிகிற வரைக்கும் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பாள். ரெக்சின் கடைக்காரனை, பக்கத்துத் தெரு நாயை, சோபாவில் ஏறிக் குதிக்கும் வாடிக்கையாளர்களின் பிள்ளைகளை. திட்டு தீர்ந்துபோனால் கணவனைத் திட்டுவாள். கையில் வேகம் குறையாமலிருக்க அது அவளுக்குத் தேவைப்பட்டது.

சோபாக்காரி என்றால் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். மருமகளாக வந்தபோது உறை தைக்க மட்டும்தான் விட்டார்கள். கணவருக்கு விரல்கள் விறைத்து ஊசி பிடிக்க முடியாமல் போனதும் ஊசியையும் சுத்தியையும் இவள் எடுத்துக்கொண்டாள். இப்போது அவர் சட்டம் அடிப்பார், வண்டியில் ஏற்றி இறக்குவார். வாயில் எப்போதும் நாலைந்து சின்ன ஆணிகளை அடக்கி வைத்திருப்பதால் அவருக்கு ஆணிக்காரர் என்று பேர். "ஆணி இருந்தா பதில் சொல்ல வேண்டாமில்ல, அதான் துப்பறதே இல்ல" என்று அவர் எதிரிலேயே சொல்வாள். அவரும் ஆமாம் என்று தலையை ஆட்டுவார்.

நான் பார்த்துக்கொள்ளும் படுக்கை நோயாளி ஒருவரின் சக்கர நாற்காலிக்குக் குஷன் வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை அவர்கள் கடைக்குப் போனேன். வீட்டின் முன்னறைதான் கடை. படியேறும்போதே கண் எரிந்தது. ஸ்பாஞ்சைப் பலகையில் ஒட்டும் மஞ்சள் பசை. தொழிலில் அதைச் சொல்யூஷன் என்பார்கள். முன்னறை அதில் ஊறிக் கிடந்தது.

"இந்த நாத்தத்துல எப்படிம்மா இருக்கீங்க?" என்றேன்.

"என்ன நாத்தம்?" என்று அவள் நிஜமாகவே மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியலையேக்கா."

இதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

நாலேகால் மணிக்குப் பள்ளியிலிருந்து மகள் வந்தாள். பதினாலு வயது. ஒன்றரை வயதில் சோபா பட்டன் ஒன்றை விழுங்கிவிட்டு இரண்டு நாள் எல்லோரையும் காவல் காக்க வைத்தவள். அன்றிலிருந்து அவளும் பட்டன்தான். வாசலில் ஒரு காலை வைத்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஊது" என்றாள் அம்மா.

பட்டன் முகத்தை நீட்டி ஊதினாள். அம்மா ஊசியைக் கீழே வைக்காமலே குனிந்து மோந்தாள்.

"கை."

விரல் நுனிகளை மோந்தாள்.

"பை."

பையைத் திறந்து உள்ளே மூக்கை விட்டு எடுத்தாள். "சரி, போ."

பெண் பின்கட்டுக்குப் போய்விட்டாள். மொத்தம் பத்து நொடி இருக்கும். சோபாக்காரி என் பக்கம் திரும்பி, பரிசு வாங்கினவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"பாத்தீங்களாக்கா? நாலு வருஷமா ஒரு நாள் தப்பினதில்ல. காய்ச்சல்ல கிடந்தாலும் மோந்துட்டுத்தான் மாத்திரை குடுப்பேன். என் மூக்கைத் தாண்டி ஒரு சிகரெட்டு இந்த வீட்டுக்குள்ள வரட்டும், பாக்கலாம்."

அவளுடைய மூக்குக்கு ஒரு காரணம் உண்டு. கூடப்பிறந்த தம்பி இருபத்தொன்பது வயதில் குடித்தே செத்தான். பதினேழு வயதில் அவன் சட்டையில் முதல் முதலாக அந்த வாசனையைக் கண்டவள் இவள்தான். அப்பா அடிப்பார் என்று பயந்து சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு துவைத்த சட்டைக்காகத்தான் இத்தனை வருடமாகத் தன் மகளின் வாயை மோந்துகொண்டிருக்கிறாள். எனக்கு அது புரிகிறது. புரிவதால் அவள் செய்தது சரி என்று ஆகிவிடாது.

ஏனென்றால் நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். மூக்குக்குக் கீழே தொடங்கி வாயைச் சுற்றி, சிவந்து காய்ந்து தோலுரிந்த ஒரு வளையம். கண் இரண்டும் கலங்கல். கன்னம் ஒட்டியிருந்தது.

"அவ வாயைச் சுத்தி என்னம்மா அது?"

"பரு. வயசு அப்படி."

"பரு இப்படி வளையமா வராது. சாப்பிடுறாளா?"

"எங்க சாப்பிடுறா? தலைவலிம்பா. எல்லாம் அந்த ஃபோனைப் பாத்துப் பாத்து வர்ற கேடு."

"உன் சொல்யூஷன் டப்பாவை எங்கம்மா வைக்கிற?"

சுத்தி நின்றது. கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முட்டாள் இல்லை அவள்.

"அக்கா," என்றாள், "நீங்க படுத்துக் கிடக்கிறவங்களைப் பாக்கிறவங்க. நல்லா நடமாடுற பிள்ளைகிட்ட வந்து நோய் தேடாதீங்க. குஷன் வெள்ளிக்கிழமை ரெடியாகும். போயிட்டு வாங்க."

ஆணிக்காரர் வாயில் ஆணியோடு என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் வெளியே வந்தேன். அன்றைக்கே இன்னொரு தடவை சொல்லாமல், வெள்ளிக்கிழமை வரட்டும் என்று விட்டது என் தப்பு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போனேன். என் குஷன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக் கிடந்தது. கோபம் ஆறவில்லை என்று பொருள். ஆணிக்காரர் சோபா ஒன்றை இறக்கப் போயிருந்தார். அவள் புது சோபாவின் முதுகில் பாதிப் பட்டன் வைத்துவிட்டு, பிரஷ்ஷை விட்டு டப்பாவின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் பேசவில்லை. டப்பாவிடம் பேசினாள்.

"ஒரு டப்பா நாலு சோபாவுக்கு வரும். இப்ப ரெண்டரையிலேயே தீருது. அந்த மனுஷன் தடவுறாரா, இல்ல குடிக்கவே குடிக்கிறாரான்னு..."

வாக்கியம் முடியவில்லை. பிரஷ் டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"பட்டன் ஸ்கூல்ல இருந்து வந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டேன்.

"பரீட்சை. பாதி நாள்தான்." அவள் குரல் மெலிந்திருந்தது. "பின்னால ஸ்பாஞ்ச் ரூம்ல படிக்கிறா. அங்கதான் சத்தம் இல்லம்பா."

அடுத்த நொடி எழுந்துவிட்டாள். கையில் சுத்தி. அதைக் கையில் எடுத்ததே அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். முப்பது வருடம் ஆட்களைத் தூக்கி உட்காரவைத்த கை என்னுடையது. லேசில் விடுவிக்க முடியாது.

"விடுங்கக்கா. இன்னிக்கு அவளை வெட்டிப் போட்டுடறேன்."

"நீ வெட்டவே வேண்டாம். போய்க் கத்தினாலே போதும்."

"என்ன சொல்றீங்க?"

"அந்தப் பசை ஆவி உள்ள போயிருக்கிற நேரத்துல திடுக்குனு பயந்தாலோ, எந்திரிச்சு ஓடினாலோ, நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி அப்படியே நின்னுடும். எல்லாருக்கும் நிக்காது. உன் பொண்ணுக்கு நிக்காதுன்னு எனக்குத் தெரியாது. அப்படி நின்ன ஒரு பிள்ளைக்கு நான் கடைசியா துணி மாத்தியிருக்கேன். சுத்தியைக் கீழ வை."

வைத்தாள்.

"ஓடாத. கத்தாத. கதவைப் படார்னு திறக்காத. அவளையும் ஓட விடாத. திட்டு எல்லாத்தையும் நாளைக்கு வச்சுக்கோ."

முன்னறையிலிருந்து அந்த அறைக்குப் பதினாலு எட்டு. தெருக்கோடி வரை கேட்கும் குரல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எட்டாக வைத்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

கூரை வரை ஸ்பாஞ்ச் அடுக்கிய அறை. மழை ஈரம் ஏறக்கூடாது என்று ஜன்னலை எப்போதும் பூட்டி வைத்திருப்பார்கள். ஸ்பாஞ்ச் சத்தத்தையெல்லாம் குடித்துவிடும். உள்ளே ஒருவர் விழுந்தால்கூட வெளியே தெரியாது. இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் பட்டன் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாடப்புத்தகம். பக்கத்தில் மூடி திறந்த டப்பா. அம்மா வந்து நிற்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. உறைத்ததும் முகம் வெளுத்தது, கால்கள் மடங்கின. எழுந்து ஓடப்போகிறாள்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியே, பொத்தென்று இல்லாமல், மெதுவாக.

"நான் திட்டப்போறதில்ல," என்றாள். தளும்பத் தளும்ப நிறைந்த வாளியைத் தூக்கி நடப்பவளின் குரல். "ஜன்னலைத் திறக்கப்போறேன். நீ எந்திரிக்க வேண்டாம். உக்காந்திரு."

திறந்தாள். நான் டப்பாவை மூடி வெளியே வைத்துவிட்டு, பட்டனின் பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்தேன். ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது. அவளுடைய கை பனிக்கட்டியாக இருந்தது. காற்று வந்தது. கால்மணி நேரத்தில் தடுக்கல் நின்றது. அரைமணியில் ஓட்டம் நடையானது. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தோம். மயக்கம், வாந்தி, நெஞ்சுவலி, இழுப்பு, எது வந்தாலும் உடனே கொண்டு வரச் சொன்னார்கள்; எதுவும் இல்லாவிட்டால், பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டு காலையில் வரச் சொன்னார்கள். பெண்ணை முன்னறைக்கு மெல்ல நடத்திவந்து, பாதிப் பட்டன் வைத்த சோபாவில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

அம்மா கொல்லைக்குப் போனாள். அங்கே உடைந்த நாற்காலிச் சட்டம் ஒன்று கிடந்தது. அதே சுத்தியால் அதை அடித்து நொறுக்கினாள். இருபது நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஆர்டர் ஜாஸ்தியாம்மா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். அடுப்புக்குக்கூட ஆகாத சில்லுகளாகிவிட்டது அந்த நாற்காலி.

ஆணிக்காரர் ஐந்து மணிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டார். கையை வாய்க்கடியில் ஏந்தி, ஆணிகளை ஒவ்வொன்றாகத் துப்பினார்.

"எப்பருந்து கண்ணு?" என்றார்.

"மழைக்காலத்துல இருந்து." பட்டன் கூரையைப் பார்த்துச் சொன்னாள். "ஜன்னலை மூடிட்டு உங்களுக்கு ஸ்பாஞ்ச் ஒட்டிக் குடுத்தேனே, அப்ப. முதல்ல தலை வலிச்சுது. அப்புறம் லேசா இருந்துச்சு."

"லேசா இருந்துச்சாமே," என்றாள் அம்மா.

"ஸ்கூல்ல என்னைப் பசை டப்பான்னுதான் கூப்பிடுவாங்க. என் மேல நாத்தம் வருதாம். பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. ரெண்டு தடவை குளிச்சுட்டுப் போனாலும் வருதாம். எனக்குத்தான் தெரியல. அந்த ரூம்ல இருக்கிறப்போ அது ஞாபகம் வராது."

மூவருக்கும் தெரியவில்லை. அதுதான் விஷயம். பசையிலேயே வாழ்கிற வீட்டில் பசை மணக்காது. நாலு வருடமாக உலகத்திலுள்ள எல்லா விஷத்தையும் வாசலில் நிறுத்தி மோந்தவளுக்கு, தன் வீட்டுக்குள்ளேயே டப்பாவில் இருந்தது தெரியவில்லை. மகள் உள்ளேயிருந்து வந்து ஊதியிருந்தாலும் தெரிந்திருக்காது.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எப்பம்மா சொல்றது?" பட்டன் இப்போதுதான் அம்மாவைப் பார்த்தாள். "ஊதும்ப. ஊதுவேன். போம்ப. போயிடுவேன். அவ்ளோதானே நாம பேசுறது."

பதில் வராதபோது சோபாக்காரிக்குக் கோபம்தான் வரும். என் பக்கம் திரும்பினாள். "அப்போ எல்லாம் என் தப்பா? குடிக்காதே, புகைக்காதேன்னு காவல் காத்தது தப்பா?"

"காவல் காத்தது தப்பில்ல. அதோட நிறுத்தினது தப்பு. உன் தப்பும்தான், இவர் தப்பும்தான்."

"நான் என்ன செஞ்சேன்?" என்றார் ஆணிக்காரர். ஆணி இல்லாத வாய் அவருக்கே பழக்கமில்லை.

"சனிக்கிழமை," என்றாள் பட்டன்.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"சனிக்கிழமை நீங்களும் உங்க கூட்டாளிங்க ரெண்டு பேரும் கொல்லையில உக்காந்து குடிக்கிறீங்க. நான்தான் கிளாஸ் கொண்டாரேன். நான்தான் கழுவுறேன். அதை யாரும் மோந்து பாக்கல."

"அது பெரியவங்க... உழைச்ச அலுப்புக்கு..."

"வாயை மூடுங்க," என்றாள் சோபாக்காரி. "நாளைக்குச் சனிக்கிழமை."

எனக்கும் கோபம்தான். இருபது வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் பையைச் சோதிக்கிற கையாலேயே அவளைக் கிளாஸ் கழுவ விடுவது. வீட்டில் அப்பாவுக்கு ஒரு சட்டம், பிள்ளைக்கு ஒரு சட்டம் என்று வைத்துவிட்டு, பிள்ளை எந்தச் சட்டத்தை நம்பும் என்று எதிர்பார்க்கிறார்கள்? அந்த மாலையில் டீ ஆறிப்போகிற வரை அவர்களிடம் சொன்னேன். டப்பாவைப் பூட்டு, மூக்கை நம்பாதே. சிகரெட்டும் சாராயமும் மட்டும்தான் போதை என்று நினைக்காதே. பசை, பெயிண்டில் கலக்கிற தின்னர், வீட்டிலிருக்கிற தூக்க மாத்திரை, இருமல் மருந்து, இதெல்லாம் என்ன செய்யும் என்று அவளிடம் நீயே வாய்விட்டுச் சொல், இன்னொருத்தி வந்து சொல்வதற்கு முன்னால். யாரோடு சாப்பிடுகிறாள், யாரோடு சாப்பிடுவதில்லை என்று தெரிந்துகொள். தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டால் எத்தனை மணிக்கு ஃபோன் செய்தாலும் வந்து கூட்டிப்போவேன், அன்றைக்குக் கேள்வி கேட்க மாட்டேன் என்று சொல். சொன்னபடி செய்.

"இதையெல்லாம் பத்து நொடியில முடிக்க முடியாதே," என்றாள் அவள், எரிச்சலோடு.

"முடியாது. சோபா வேலை கெடும்."

"எத்தனை நாளைக்கு?"

"அவளுக்கு இப்ப பதினாலு. கணக்குப் போட்டுக்கோ."

அவள் என்னை முறைத்தாள். ஆனால் போகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது, ஆணிக்காரர் கடப்பாரையால் ஸ்பாஞ்ச் அறை ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். இனி அங்கே கதவில்லாத கம்பி ஜன்னல். மழை ஈரம் ஏறினால் ஏறட்டும் என்றார். கொல்லைக் கொட்டகையில் ஒரு இரும்புப் பெட்டி வந்திருந்தது. சொல்யூஷன் டப்பாக்கள் எல்லாம் அதற்குள். பெரிய பூட்டு; சாவி சோபாக்காரியின் இடுப்பில். ஒட்டும் வேலை இனி வெளியில்தான், பட்டனை அதற்குக் கூப்பிடுவதில்லை என்று முடிவாகியிருந்தது. சனிக்கிழமைப் பாட்டிலை அவரே எடுத்துவந்து சாக்கடையில் ஊற்றியிருந்தார். நான் பார்க்கும்போது கூட்டாளிக்கு ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். "இல்லப்பா, இனிமே இங்க இல்ல... உன் வீட்லயும் வேண்டாம்... கோச்சுக்கிட்டா கோச்சுக்கோ." வாயில் ஒரு ஆணியும் இல்லை. மனைவி பக்கத்திலேயே நின்று கடைசி வார்த்தை வரை கேட்டாள்.

ஒன்பது மணிக்கு அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வாசல்படியில் பட்டன் நின்றாள். பழக்கதோஷம், வெளியே போகும்போதே முகத்தை நீட்டினாள். அம்மாவும் குனிந்துவிட்டாள். குனிந்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. சோபாக்காரி நிமிர்ந்து, மகளின் காலரைத் தேவையில்லாமல் இழுத்துச் சரிசெய்தாள்.

"முன்னாடி உன் பக்கத்துல யார் உக்காருவா?" என்றாள். கேட்ட தோரணை சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரிதான் இருந்தது.

"யாருமில்ல."

அம்மா நகரவில்லை. கை இரண்டும் வெறுமனே தொங்கின. அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"ஒருத்தி இருந்தா," என்றாள் பட்டன். "தண்ணித்தொட்டிப் பக்கத்து வீடு. அவளும் இப்ப முன் பெஞ்சுக்குப் போயிட்டா."

"ஏன் போனா?"

"அது பெரிய கதைம்மா."

"பஸ் வர இருபது நிமிஷம் இருக்கு. சொல்லு."

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். பட்டன் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் அம்மாவின் குரல் ஒரு தடவை உயர்ந்தது, உடனே தணிந்தது.

அவர்கள் திரும்பும் வரை நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். பத்து மணிக்கு அந்தப் பாதிப் பட்டன் சோபாவின் சொந்தக்காரர் வாசலில் வந்து நின்றார். பாதி முதுகில் பட்டன் இல்லை என்று பார்த்துவிட்டு, இன்றைக்குத் தருவதாகத்தானே பேச்சு, வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், சொன்ன சொல்லுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கத்த ஆரம்பித்தார். அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். அடுத்த வாரமா என்று மறுபடி கத்தினார். உள்ளே ஆணிக்காரர் கடப்பாரையை வைத்துவிட்டு வரப்பார்த்தார். நீங்கள் ஜன்னலைப் பாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டேன்.